வெட்டு எங்கே பிசகியது? முடி வெட்டப் பழகுபவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஈரத்தில் கச்சிதமாக இருந்த வெட்டு, உலர்த்தியதும் பல்லை இளிக்கும். உடனே மாணவர்கள் செய்வது ஒன்றுதான்: நீளமாகத் தெரிகிற பக்கத்தில் கத்தரியை வைப்பார்கள். ஐந்து நிமிடத்தில் அந்தப் பக்கம் குட்டையாகிவிடும். பிறகு இந்தப் பக்கம். தோள்வரை போதும் என்று வந்தவர் தாடைவரை முடியோடு எழுந்து போவது இப்படித்தான்.

கோளாறு தெரிகிற இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறொன்று. நுனியில் தெரியும் கோணல் வகிட்டில் பிறந்திருக்கும். இல்லையென்றால் தலை சாய்ந்ததில், சீப்பு இழுத்த இழுப்பில், வாடிக்கையாளர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில். கத்தரியைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். எங்கே பிறந்தது என்று தெரியாமல் இரண்டாவது தடவை வெட்டுவதைவிட, முதல் பிழையோடு அப்படியே விட்டுவிடுவது மேல். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் வளரும். அவசரத்தில் எடுத்த மூன்று விரற்கடை திரும்பி வர நான்கு மாதத்துக்குமேல் ஆகும்.

எதைத் தொடுவதற்கும் முன்

கத்தரியைக் கீழே வையுங்கள். கால்மேல் கால் இருந்தால் இறக்கச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் ஊன்றியிருக்க வேண்டும். கழுத்தில் துண்டோ காலரோ மடிந்து முடியைத் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். தலையை நிமிர்த்தி, கண்ணாடியில் அவருடைய இரண்டு கண்களும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று கவனியுங்கள். தலை முழுக்க ஒரே அளவு ஈரம் வருகிற மாதிரி ஸ்ப்ரே பண்ணி, வகிடு எடுக்காமல் பின்னோக்கிச் சீவிவிட்டு, கையால் லேசாக முன்னே தள்ளினால் முடி தானாகப் பிரிந்து விழும். அதுதான் இயல்பான விழுகை. இனி சொல்லப் போகிற சோதனைகளை, உலர்ந்த நிலையில் என்று தனியாகச் சொன்னாலொழிய, இந்த நிலையில்தான் செய்ய வேண்டும். பாதித் தலை காய்ந்தும் பாதி ஈரமாகவும் இருக்கும்போது இரண்டு பக்கத்தை ஒப்பிட்டுப் பயனில்லை. காய்ந்த பக்கம் ஏறித்தான் நிற்கும்.

ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை

அதிகம் கேட்கிற புகார் இது. அதிகம் தவறாகக் கணிக்கப்படுவதும் இதுதான்.

முதலில் கோளாறு உண்மையில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். வாடிக்கையாளருக்கு நேர் பின்னால் நின்று, இரண்டு பக்கமும் முகத்தை ஒட்டிய கற்றைகளை ஒரே உயரத்தில் இரண்டு விரல்களால் பிடித்து, ஒரே வேகத்தில் நுனிவரை இறக்குங்கள். விரல்கள் நிற்கிற இடத்தைக் கண்ணாடியில் பாருங்கள். காது மடலை அளவுகோலாக வைக்க வேண்டாம். பலருக்கு ஒரு காது மற்றதைவிடக் கீழே இருக்கும். முகத்தில் தாடையையும் உடம்பில் காறை எலும்பையும் நம்பலாம், அதுவும் தலை நேராக இருக்கும்போது மட்டும்.

வித்தியாசம் உண்மைதான் என்றால் காரணத்தைத் தேடுங்கள். நான் தேடுகிற வரிசை இது: முதலில் வகிடு. நடுவகிடு ஒரு விரற்கடை இடப்பக்கம் போயிருந்தால், வலப்பக்கத்தில் விழும் முடி மண்டையைச் சுற்றி அதிக தூரம் வந்து விழுகிறது. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வெட்டியிருந்தாலும், அவர் வீட்டுக்குப் போய்ச் சரியான வகிடு எடுத்ததும் கோணல் தெரியும். இங்கே வெட்டில் பிழையே இல்லை, வகிட்டில்தான். வகிட்டை மாற்றிப் பார்த்த பிறகே கத்தரியை எடுங்கள்.

அடுத்து நீங்கள் நின்ற இடம். வலக்கைக்காரர் ஒருவர் வாடிக்கையாளரின் ஒரு பக்கத்தை வெட்டும்போது உடம்பு இயல்பாகத் திரும்பும். மறுபக்கத்துக்கு எட்டிப் பிடிப்பார். எட்டிப் பிடிக்கிற கை கற்றையைத் தன்பக்கம் இழுக்கும், லேசாகத் தூக்கவும் செய்யும். இது கைப்பழக்கத்தால் வருவது, எவ்வளவு கவனமாக இருந்தாலும் நடக்கும். தீர்வு எளிது: எந்தக் கற்றையை வெட்டுகிறீர்களோ அதற்கு நேர் எதிரே போய் நில்லுங்கள். நாற்காலியைச் சுற்றி நடக்கச் சோம்பல்பட்டால் அந்தச் சோம்பல் நுனியில் எழுதப்பட்டிருக்கும். கற்றை உங்கள் மார்பு உயரத்துக்கு வரும்படி நாற்காலியை ஏற்றி இறக்குவதும் இதில் சேர்த்தி. குனிந்து வெட்டுகிறவர் கோட்டை மேலிருந்து பார்க்கிறார், அவருக்குச் சாய்வு தெரியாது.

மூன்றாவது இழுவிசை, வகுப்பில் சொல்கிற டென்ஷன். ஆரோக்கியமான முடி ஈரத்தில் இழுத்தால் தன் நீளத்தில் பாதிவரைகூடக் கூடுதலாக நீளும். உலர்ந்த முடி ஐந்தில் ஒரு பங்கு அளவு நீளும். முடியிலுள்ள கெரட்டினைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தண்ணீர் தற்காலிகமாக அவிழ்த்துவிடுவதால் வருகிற நெகிழ்வு அது. உலர்ந்ததும் பிணைப்புகள் திரும்பச் சேரும், முடி சுருங்கும். ஒரு பக்கம் இறுக்கிப் பிடித்து, மறுபக்கம் தளர்வாகப் பிடித்திருந்தால் ஈரத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். உலர்த்தியதும் இறுக்கிய பக்கம் ஏறிவிடும். எனவே ஈரத்தில் சமமாக இருந்து, உலர்ந்ததும் கோணினால் இழுவிசையைச் சந்தேகியுங்கள். ஈரத்திலேயே கோணலாக இருந்தால் வகிடு அல்லது நிலை.

சரிசெய்வது எப்படி? நீளமான பக்கத்தை முழுதாக உலர்த்திய பின், இயல்பான விழுகையில், விரலில் பிடிக்காமல் சீப்பால் மட்டும் தாங்கி, வித்தியாசத்தில் பாதியை எடுங்கள். மறுபடி பாருங்கள். பெரும்பாலும் அந்தப் பாதியே போதும். ஒரே மூச்சில் முழு வித்தியாசத்தையும் எடுக்கிறவர்தான் பிறகு எதிர்ப்பக்கத்தைத் தொட வேண்டிவரும்.

தோளுக்குக் கீழே போகிற முடியில் இன்னொரு மாயம் உண்டு. ஒரு தோள் உயர்ந்திருப்பவர்கள் அதிகம். முடி தோளில் தட்டி மடங்கி நிற்கும், நீளம் பொய் சொல்லும். அவரை எழுந்து நிற்கச் சொல்லிப் பின்பக்கக் கோட்டைப் பாருங்கள். நேர் கட், யூ கட் எதுவானாலும் நீளமான முடியின் கடைசிக் கோட்டை நின்ற நிலையில் முடிப்பது நல்ல வழக்கம்.

பாப் கட்டில் ஒரு அடுக்கு தனியாகத் தெரிகிறது

ஒரே நீள வெட்டில் எல்லா முடியும் ஒரே கோட்டில் வந்து விழ வேண்டும். விழவில்லையென்றால், எந்த அடுக்கு நீண்டிருக்கிறது என்று பாருங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

அடி முடி வெளியே எட்டிப் பார்த்தால், மேல் செக்ஷன்களை, அதாவது பிரித்தெடுத்த முடிப் பகுதிகளை, நீங்கள் தூக்கி வெட்டியிருக்கிறீர்கள். பூஜ்யம் டிகிரி, அதாவது தூக்கவே இல்லை என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் விரல்களுக்கு நடுவே கற்றையைப் பிடித்தாலே விரலின் தடிமன் அளவுக்கு முடி கழுத்தைவிட்டு விலகிவிடும். பத்து செக்ஷன் ஏறும்போது அது சேர்ந்து சேர்ந்து மெல்லிய கிராஜுவேஷன், அதாவது அடி முடிக்கு மேலே மேல் முடி ஏறி நிற்கும் சரிவு, ஆகிவிடுகிறது. இதற்கு மருந்து, வெளிக்கோட்டை விரலில் பிடிக்காமல் வெட்டுவது: சீப்பின் அகலப் பல்லால் சீவி, சீப்பைத் தோலோடு ஒட்டி நிறுத்தி, அதற்குக் கீழே வெட்டுங்கள். இன்றைய தலைக்கு, எட்டிப் பார்க்கிற அடி முடியை மட்டும் மேல் அடுக்கின் மட்டத்துக்குக் கொண்டுவரலாம். மேலே கை வைக்கக் கூடாது.

மேல் முடி அடியைத் தாண்டித் தொங்கினால் தலை குனிந்திருந்தது என்று பொருள். தலை குனியும்போது பிடரித் தோல் இழுபட்டு நீள்கிறது. பின்மண்டையிலிருந்து வரும் முடி அந்த நீண்ட தூரத்தைச் சுற்றிக் கீழே வருகிறது. தலை நிமிர்ந்ததும் அந்தத் தூரம் குறையும், மிச்சம் கீழே தொங்கும். நுனி உள்பக்கம் மடங்க வேண்டும் என்று விரும்பி இதைச் செய்கிறவர்களும் உண்டு, அது நுட்பம். தெரியாமல் செய்தால் பிழை. பிடரிச் செக்ஷன்களுக்குக் குனியவைத்தே ஆக வேண்டும் என்றால், எந்தச் செக்ஷனோடு தலையை நிமிர்த்தினோம் என்பது நினைவிருக்கட்டும். நிமிர்த்தியதும் அதுவரை வெட்டியதை ஒருமுறை சீவிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

கோடு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால் வெட்டைவிட வகிட்டுக் கோட்டைப் பாருங்கள். செக்ஷன் பிரித்த கோடு சாய்ந்திருந்தால் கையும் அதற்கு இணையாகவே போகும்.

காதுக்கு மேலே ஒரு பள்ளம்

காது ஒரு முட்டு. அதன்மேல் முடியை இழுத்துப் பிடித்து வெட்டினால், விட்டவுடன் காது வெளியே தள்ளும், முடி மேலே ஏறும். காதுக்கு முன்னும் பின்னும் சரியாக இருக்கும் கோடு, காதின் மேல் மட்டும் வில்லாக வளைந்து நிற்கும்.

காதைச் சுற்றி இழுவிசையே இருக்கக் கூடாது. அகலப் பல்லால் சீவி, கற்றையை விழவிட்டு, சீப்பின் முதுகால் காதின்மேல் முடியை லேசாகத் தட்டுங்கள். காது துருத்தி நிற்பதற்குத் தேவையான தளர்வு அந்தத் தட்டலில் வந்துவிடும். பிறகு விரல் படாமல் வெட்டுங்கள். ஏற்கெனவே பள்ளம் விழுந்துவிட்டதென்றால் நிரப்ப வழியில்லை. வாடிக்கையாளர் சம்மதித்தால் மொத்தக் கோட்டையும் பள்ளத்தின் மட்டத்துக்கு ஏற்றலாம். இல்லையென்றால், பள்ளத்துக்கு இருபுறமும் கத்தரியைச் செங்குத்தாகப் பிடித்து நுனியைக் குத்து வெட்டாக மென்மையாக்கி, கோட்டின் கூர்மையைக் குறையுங்கள். கூர்மையான கோட்டில்தான் பள்ளம் கண்ணை உறுத்தும்.

ஃப்ரிஞ்ச் ஏறிவிட்டது

கண்ணீர் வருகிற இடம் இது, சில நேரம் இருபக்கமும்.

ஃப்ரிஞ்ச் என்பது நெற்றியில் விழவிடும் முன்முடி. புருவத்தைத் தொட வேண்டிய அந்த முடி நடு நெற்றியில் நிற்கிறது என்றால் காரணம் மூன்றில் ஒன்று. ஈரத்தில் இழுத்துப் பிடித்து, கேட்ட நீளத்திலேயே வெட்டியிருப்பீர்கள். அல்லது முன்வரிசையில் சுழி இருந்திருக்கும், பார்த்திருக்க மாட்டீர்கள். அல்லது வாடிக்கையாளர் புருவத்தை உயர்த்தி உட்கார்ந்திருந்திருப்பார். சிரிக்க வேண்டாம்: கத்தரி முகத்துக்கு நேரே வரும்போது கண்ணை மூடிப் புருவத்தைத் தூக்குகிறவர்கள் நிறையப் பேர்.

சுழியைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை. முன்முடியை நன்றாக நனைத்து, உள்ளங்கையால் வேரோடு ஒட்டிப் பின்னோக்கித் தள்ளி, கையை எடுங்கள். சுழி இருக்கிற இடத்தில் முடி தானாகப் பிரிந்து ஒரு திசையில் சாயும் அல்லது எழும்பும். பிடரியிலும் இதே சோதனைதான்; கீழிருந்து மேலே தள்ள வேண்டும். சுழி இருக்கிற இடத்தில் நீளமும் கனமும் விடுங்கள். கனம்தான் அதை அமுக்கி வைக்கும். அங்கே தின்னிங் சிசரை, அதாவது அடர்த்தி குறைக்கும் பல் கத்தரியை, கொண்டுபோனால் சுழிக்கு விடுதலை கொடுத்த மாதிரி.

ஃப்ரிஞ்சின் எல்லையையும் கவனியுங்கள். சீப்பைத் தலை உச்சியில் படுக்கையாக வைத்து முன்னே நகர்த்தினால், ஓரிடத்தில் மண்டை சரியத் தொடங்கி, சீப்பின் முன்பகுதி தோலைவிட்டு விலகும். அதுதான் ஃப்ரிஞ்சுக்குப் பிரிக்கிற முக்கோணத்தின் உச்சி. பக்கங்களில் கண்களின் வெளி ஓரத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் கிருதாப் பக்கத்து முடி முன்னால் வந்துவிடும். ஃப்ரிஞ்ச் வளர்ந்த பிறகும் அந்த இரண்டு துண்டுகள் முகத்தின் ஓரத்தில் அநாதையாக நிற்கும்.

ஏறிவிட்ட ஃப்ரிஞ்சுக்கு ஒரு மறைப்பு உண்டு. முக்கோணத்துக்குப் பின்னாலிருந்து மெல்லிய ஒரு அடுக்கு, ஒரு சென்டிமீட்டருக்குமேல் வேண்டாம், முன்னே கொண்டுவாருங்கள். உலர்ந்த நிலையில், புருவத்துக்குக் கீழே இருக்கும்படி வெட்டி, குட்டையானதன்மேல் போர்த்துங்கள். நுனியைக் குத்து வெட்டாக விடுங்கள். அடியிலுள்ளது வளர்ந்து அதோடு சேர்ந்துவிடும். அடர்த்தி குறைந்த தலையில் இதைச் செய்யாதீர்கள், உச்சி வெளிச்சமாகிவிடும். அங்கே பக்க வகிடு எடுத்துச் சாய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

லேயரில் படிக்கட்டு

படிப்படியாகக் கரைய வேண்டிய லேயர், அதாவது அடுக்கு வெட்டு, இரண்டு மூன்று இடத்தில் விளிம்பு கட்டி நிற்கிறது. கைடு, அதாவது அளவாக வைத்துக்கொள்கிற முன்பு வெட்டிய முடி, தொலைந்துபோனதற்கான அடையாளம் அது. செக்ஷன் தடிமனாக இருந்ததால், முன்பு வெட்டிய முடியின் நுனி உள்ளே தெரிந்திருக்காது, அனுமானத்தில் வெட்டியிருப்பீர்கள்.

செக்ஷன் தடிமன் ஒரு சென்டிமீட்டர் என்று வகுப்பில் சொல்வது சராசரித் தலைக்கு. நல்ல அடர்த்தியான முடியில் அதில் பாதி எடுங்கள். விதி இதுதான்: பிடித்த கற்றைக்குள் கைடு தெரியவில்லையா, பாதியாகப் பிரியுங்கள். அப்போதும் தெரியவில்லையா, கைடு கடைசியாகத் தெரிந்த செக்ஷனுக்குத் திரும்பிப் போங்கள். முன்னேறிப் போய்க் கைடைக் கண்டுபிடித்தவர் எவருமில்லை.

படி எங்கே இருக்கிறது என்று துல்லியமாகக் காட்டுவது குறுக்குச் சோதனை. செங்குத்துச் செக்ஷனில் வெட்டியிருந்தால் படுக்கைச் செக்ஷனிலும், படுக்கையாக வெட்டியிருந்தால் செங்குத்திலும் பிரித்து, வெட்டிய அதே டிகிரியில் தூக்கிப் பாருங்கள். நுனிகள் ஒரு கோடாக நின்றால் சரி. ஒரு முக்கு நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் படி. முக்கை மட்டும், கத்தரியை நுனி நோக்கிச் செங்குத்தாகப் பிடித்துக் குத்தி எடுங்கள். உள்வாங்கிய பள்ளத்தை நோக்கி மற்றதையெல்லாம் இறக்கினால் நீளம் மொத்தமும் போய்விடும். தொண்ணூறு டிகிரியில் வெட்டியதை நாற்பத்தைந்தில் தூக்கிச் சோதித்து, இல்லாத படியைக் கண்டுபிடித்து வெட்டுகிற மாணவர்களும் உண்டு. டிகிரி மாறாமல் பாருங்கள்.

மண்டையின் அகலமான விளிம்பில், பக்கம் முடிந்து உச்சி தொடங்கும் வளைவில், ஒரே ஒரு தடித்த அலமாரி மாதிரி விளிம்பு நின்றால் அது வேறு. பக்கத்தை ஒரு திட்டத்திலும் உச்சியை இன்னொரு திட்டத்திலும் வெட்டி, நடுவே இணைக்காமல் விட்டது. வளைவில் மட்டும் கற்றையைத் தோலுக்குச் செங்குத்தாகத் தூக்கி, மேலுள்ள நீளத்தையும் கீழுள்ள நீளத்தையும் ஒரு சாய்வுக் கோட்டில் இணைத்துவிடுங்கள்.

சொல்லாமலே முன்பக்கம் நீண்டுவிட்டது

எல்லா இடமும் ஒரே நீள லேயர் என்று தொடங்கினீர்கள். முடித்தபோது பின்னால் குட்டை, முன்னே போகப் போக நீளம். கைடைக் கையோடு நகர்த்தாமல், எல்லாச் செக்ஷனையும் பின்னாலிருந்த முதல் கைடுக்கே இழுத்து வந்து வெட்டியிருக்கிறீர்கள். அதிக தூரம் பயணித்து வந்த முடி அதிக நீளமாகத் திரும்பிப் போகும். முகத்தை ஒட்டி நீளம் வேண்டும் என்றால் இதை வேண்டுமென்றே செய்வார்கள். வேண்டாத இடத்தில், ஒவ்வொரு செக்ஷனையும் அது முளைத்த இடத்துக்கு நேரே தூக்கி, பக்கத்துக் கைடோடு மட்டும் ஒப்பிட்டு வெட்டினால் சரியாகிவிடும். நீளம் கையில் இருப்பதால் எளிதாகத் தீர்கிற பிழை.

முடி குத்திட்டு நிற்கிறது, நுனி பஞ்சாகிறது

தலையின் மேற்பரப்பில் குட்டை முடிகள் முள் மாதிரி எட்டிப் பார்த்தால் தின்னிங் சிசர் வேருக்கு மிக அருகில் போயிருக்கிறது. தடித்த முடியைக் குட்டையாக வெட்டினால் அது விறைப்பாக நிமிர்ந்து மேலுள்ள நீள முடியைத் துளைத்துக்கொண்டு வரும். அதனால் முடி எவ்வளவு தடிப்போ அவ்வளவு தள்ளித்தான் தின்னிங் தொடங்க வேண்டும்: மெல்லிய முடிக்குத் தோலிலிருந்து அரை முதல் ஒரு அங்குலம், நடுத்தரத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை, தடித்ததற்கு ஒன்றரை முதல் இரண்டு. வகிட்டின் இருகரையிலும் முன்வரிசையிலும் தின்னிங்கே வேண்டாம். ஒரே இடத்தில் இரண்டு தடவை கடித்தால் ஓட்டை விழும். ஒவ்வொரு கடிக்கும் பிறகு சீவி, உதிர்ந்ததை நீக்கிப் பாருங்கள்.

எட்டிப் பார்க்கும் முடியைப் பிடித்து வெட்டுவது வீண், இன்னும் குட்டையாகி இன்னும் விறைக்கும். வளரும்வரை கிரீமோ எண்ணெயோ வைத்து அமுக்குவதுதான் வழி.

நுனி மட்டும் பஞ்சு மாதிரி பிரிந்து வெளிறியிருந்தால் ரேசரைப் பாருங்கள். உலர்ந்த முடியில் ரேசர் ஓட்டினால் அது வெட்டுவதில்லை, சுரண்டுகிறது. முடி நன்றாக நனைந்திருக்க வேண்டும், பிளேடு புதிதாக இருக்க வேண்டும். இழுக்கிற சத்தம் கேட்டால் அந்த நொடியே பிளேடை மாற்றுங்கள். சுருள் முடியிலும், பிளீச்சில் சோர்ந்த முடியிலும் ரேசரை எடுக்காமலிருப்பதே நல்லது. பஞ்சான நுனிக்குத் தீர்வு, கூர்மையான கத்தரியால் அந்த அரை சென்டிமீட்டரை நேர்வெட்டாக நீக்குவது.

சுருள் முடி உலர்ந்ததும் வேறு தலையாகிவிட்டது

நேர் முடிக்குச் சொன்ன இழுவிசைக் கதை இங்கே பல மடங்கு. அதோடு ஒவ்வொரு சுருளும் ஒரே அளவு சுருங்குவதில்லை. பிடரியில் தளர்ந்த அலை, உச்சியில் இறுகிய சுருள் என்று ஒரே தலையில் இரண்டு வகை இருக்கும். ஈரத்தில் சமமாக வெட்டினால் உச்சி ஏறிவிடும். வெட்டுவதற்கு முன்பே, உலர்ந்த நிலையில், நாலைந்து இடங்களில் ஒவ்வொரு சுருளை இழுத்து நீட்டி விட்டுப் பாருங்கள், எங்கே எவ்வளவு துள்ளுகிறது என்று தெரிந்துவிடும். ஈரத்தில் வெட்டுவதானால் அகலப் பல் சீப்பு, தூக்குவது குறைவு, இழுவிசை இல்லை. நேர் முடியில் தொண்ணூறு தூக்குவீர்கள் என்றால் இங்கே அதைவிடக் குறைத்தாலே அதே லேயர் தோற்றம் வரும். கடைசித் திருத்தம் உலர்ந்த பின், சுருள் சுருளாக.

ஃபேடில் கோடு நிற்கிறது

ஃபேடு என்பது கீழிருந்து மேலே போகப் போக முடி சீராக நீளும் மெஷின் வெட்டு. கோடு எந்த இரண்டு கார்டுக்கு, அதாவது நீளத்துக்காக மெஷினில் மாட்டும் சீப்புக்கு, நடுவே இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் மெஷினை எடுக்காதீர்கள். பொதுவான கணக்கு: அரை நம்பர் ஒன்றரை மில்லிமீட்டர், 1 என்பது மூன்று, ஒன்றரை என்பது நாலரை, 2 என்பது ஆறு, 3 என்பது பத்து, 4 என்பது பதின்மூன்று. பக்கத்திலுள்ள நெம்பு, அதாவது லீவர், மூடியிருந்தால் குட்டை. திறக்கத் திறக்க நீளம் கூடும். 1-க்கும் 2-க்கும் நடுவே கோடு என்றால் அதை உடைப்பது ஒன்றரை கார்டு, அல்லது 1 கார்டில் லீவரைத் திறந்துவைத்தது. அதிலும் போகாவிட்டால் லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வாருங்கள். நேராக 1-ஐ மூடிய லீவரோடு ஓட்டினால் கோடு அழியாது, ஒரு விரற்கடை மேலே இடம்பெயரும். அதை அழிக்கப் போய் அதுவும் ஏறும். ஃபேடு உச்சியைத் தொட்ட கதையெல்லாம் இப்படித் தொடங்கியவைதான்.

கையசைவைப் பாருங்கள். மெஷினை மண்டையோடு ஒட்டியே மேலே கொண்டுபோய் நிறுத்தினால், நிறுத்திய இடத்தில் கோடு விழும். மேலே போகும்போதே மணிக்கட்டை வெளிப்பக்கம் திருப்பி, மண்டையைவிட்டு விலக வேண்டும். மண்டை வளைந்து உள்ளே போகும், கை அதன் பின்னால் போகக் கூடாது. கோட்டை உடைக்கும்போது மெஷினின் முழு அகலமும் வேண்டாம், ஓரத்துப் பற்கள் போதும்.

சில கருமை கோடே இல்லை. பின்மண்டை எலும்புக்குக் கீழே பலருக்கு ஒரு குழிவு உண்டு. அங்கே முடி ஒரே நீளத்தில் இருந்தாலும் கருப்பாகத் தெரியும். பிரஷ்ஷால் உதிர்ந்த முடியைத் தட்டிவிட்டு, விரலால் தடவிப் பாருங்கள். குழிவு விரலில் தட்டுப்பட்டால், மெஷின் முழுதும் படிந்திருக்காது. பல்லின் ஓரத்தால் மட்டும் அந்த இடத்தை லேசாகத் தொடலாம். பிடரியில் முடி பக்கவாட்டிலோ சுழன்றோ வளர்ந்திருந்தால், வளர்ச்சிக்கு எதிர்த்திசை எதுவோ அந்தக் கோணத்தில் மெஷினைத் திருப்புங்கள். கீழிருந்து மேலே என்பது வளர்ச்சி கீழ்நோக்கி இருக்கிற தலைக்கு மட்டும் சரி.

கத்தரி வெட்டாமல் மடக்குகிறது

முடி இரண்டு அலகுக்கும் நடுவே படுத்துக்கொள்கிறது, அல்லது நுனிநோக்கி வழுக்கிப் போகிறது. சாணை பிடிக்கக் கொடுப்பதற்கு முன் திருகைப் பாருங்கள். ஒரு வளையத்தைப் பிடித்து, மற்ற அலகைத் தொண்ணூறு டிகிரி திறந்து, கையை விடுங்கள். கடகடவென்று முழுதும் மூடினால் திருகு தளர்வு. அசையாமல் நின்றால் இறுக்கம். பாதி வழியில் நிற்பது சரியான நிலை. தளர்ந்த கத்தரிதான் முடியை மடக்கும். இறுகியது கையை வலிக்க வைக்கும், அலகைத் தேய்க்கும். திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சோதியுங்கள்.

திருகு சரி, இன்னும் மடக்குகிறது என்றால் கூர்மை. நனைத்த டிஷ்யூ பேப்பரை வெட்டிப் பாருங்கள். சுத்தமாக வெட்டினால் கூர்மை இருக்கிறது. பேப்பர் இழுபட்டால் எந்த இடத்தில் இழுபடுகிறது என்று பாருங்கள். நுனியில் மட்டும் என்றால் கீழே போட்டிருக்கிறீர்கள். உலர்ந்த காகிதம், பாக்கெட், நூல் எதற்கும் இந்தக் கத்தரியைக் கொடுக்காதீர்கள், கேட்பவர் யாராக இருந்தாலும்.

திருகும் கூர்மையும் சரியாக இருந்து மடக்கினால், பிடித்திருக்கிற விதத்தைப் பாருங்கள். மோதிர விரல் அசையாத அலகில், கட்டைவிரல் அசைகிற அலகில். கட்டைவிரல் நகக்கண்வரைக்குமேல் வளையத்துக்குள் போகக் கூடாது. முழுதும் நுழைத்தால் கட்டைவிரல் அலகைப் பக்கவாட்டில் தள்ளி, இரண்டு அலகையும் பிரித்துவிடும். இடக்கைக்காரர் வலக்கைக் கத்தரியைப் பிடித்தாலும் இதேதான் நடக்கும், எத்தனை சாணை பிடித்தாலும் தீராது. இடக்கைக் கத்தரி வாங்குங்கள்.

நாள் முடிவில் துடைத்து, திருகில் ஒரு சொட்டு எண்ணெய்.

மெஷின் இழுக்கிறது, சுடுகிறது, கீறுகிறது

இழுத்தால்: முடி உலர்ந்திருக்கிறதா, பிளேடுக்குள் முடி அடைத்திருக்கிறதா, எண்ணெய் விட்டீர்களா என்ற வரிசையில் பாருங்கள். ஓடவிட்டபடி பற்களின்மேல் இரண்டு மூன்று சொட்டு விட்டு, மிச்சத்தைத் துடைக்க வேண்டும். சூடு பெரும்பாலும் எண்ணெய் இல்லாத உராய்வு. உங்கள் முன்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் யார் கழுத்திலும் வைக்காதீர்கள்.

கீறினால் பிளேடு ஒழுங்கு தவறியிருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிய உடனே வருகிற கோளாறு இது. அசைகிற பிளேடின் பற்கள் அசையாத பிளேடின் விளிம்பைவிடக் கொஞ்சம் பின்வாங்கி, அதற்கு இணையாக இருக்க வேண்டும். விளிம்பைத் தாண்டி முன்னே வந்தாலோ ஒரு மூலையில் சரிந்திருந்தாலோ அது தோலை வெட்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தெரியும். திருகைத் தளர்த்தி, நேராக்கி, இறுக்கி, முதலில் உங்கள் கையில் ஓட்டிப் பாருங்கள்.

விரலில் வெட்டு

உள்ளங்கைப் பக்கம் கற்றையைப் பிடித்து வெட்டுகிறபோது, விரலின் இரண்டாவது மூட்டைத் தாண்டிக் கத்தரி போகக் கூடாது. அதற்கு அப்பால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது, நடுவே தோல் மடிந்து அலகுக்குள் வரும். சீவும்போது கத்தரியை மூடி உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்ளுங்கள். மோதிர விரலில் தொங்கவிட்டுச் சீவுவது வாடிக்கையாளரின் காதுக்கு ஆபத்து.

வெட்டுப்பட்டுவிட்டால், உங்கள் விரலோ அவர் காதோ, வேலையை நிறுத்துங்கள். அவருக்கு என்றால் முதலில் கையுறை போடுங்கள். சுத்தமான பஞ்சால் அழுத்தி ரத்தத்தை நிறுத்தி, கழுவி, கிருமிநாசினி வைத்து, கட்டுங்கள். ரத்தம் பட்ட பஞ்சைத் தனிப் பையில் கட்டிப் போடுங்கள். கத்தரி, சீப்பு, மெஷின் பிளேடு எல்லாவற்றையும் கழுவி, கிருமிநாசினியில் அதன் பாட்டிலில் போட்டிருக்கிற நேரம் முழுவதும் ஊறவிடுங்கள். மீதி வெட்டை வேறொரு சுத்தமான செட்டில் முடியுங்கள். கட்டின்மேல் கையுறை போட்டுக்கொண்டுதான் அடுத்த தலையைத் தொட வேண்டும்.